பாப்பா இமையில் சிவப்புக் கட்டி, வளர்ந்துகொண்டே போகிறது

கேள்வி: குறைமாதத்தில் பிறந்தவள். பிறந்தபோது மேல் இமையில் வெளிறிய புள்ளிதான், இரண்டு மாதத்தில் ஸ்ட்ராபெரி போலத் தடித்துவிட்டது, அழுதால் இன்னும் கருஞ்சிவப்பாகிறது. கிரகணத்தில் வெளியே போனாயா என்கிறார் மாமியார். புற்றா?

பதில்: கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. கேட்டால் ஹெமாஞ்சியோமா மாதிரி இருக்கிறது, ரத்தக்குழாயின் உட்சுவர் செல்கள் அளவுமீறிப் பெருகுவது, புற்று இல்லை. மூலகாரணம் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை, ஆனால் குறைமாதக் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அதிகம் வரும்.

பதில்: முதல் சில மாதம்தான் வேகம், ஒரு வயதை ஒட்டி வெளிறிச் சுருங்க ஆரம்பிக்கும். என் மகனுக்கு முதுகில், சும்மா விட்டோம்.

பதில்: முதுகு வேறு, இமை வேறு! கண்ணை மறைத்தால் பார்வை வளர்ச்சியே கெடும், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். இதய மருந்தான ப்ரொப்ரனலால் இதைச் சுருக்கும் என்று பிரான்ஸ் டாக்டர்கள் தற்செயலாகக் கண்டு 2008-ல் எழுதினார்கள், இப்போது அதுதான் முதல் மருந்து. பால் குடிக்காத வயிற்றில் மட்டும் கொடுக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்.