குறட்டைக்கு நடுவில் மூச்சு நிற்கிறது: எந்தத் தலையணை வாங்கலாம்?

மல்லிகை:
வெள்ளவத்தையில் இருக்கிறோம். இவருக்கு 51 வயது, பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். குறட்டை கலியாணம் கட்டின நாளிலிருந்தே உண்டு, அது எனக்குப் பழகிவிட்டது. இப்போதைய பயம் வேறு. குறட்டை திடீரென்று நின்றுவிடும். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சுச் சத்தமே இராது. பிறகு முங்கி எழுந்தவர் மாதிரி ஒரு இழுப்பு. காலையில் கேட்டால் "நல்ல நித்திரை" என்கிறார். ஆனால் போன கிழமை பம்பலப்பிட்டிச் சந்தியில், சிவப்பு விளக்கில் மோட்டார் சைக்கிளிலேயே கண்ணயர்ந்திருக்கிறார். பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்துத்தான் முழித்தாராம்.

காலி வீதியில் ஒரு கடையில் சரிவான ஸ்பொஞ்ச் தலையணை வாங்கினேன். விடியும்போது இவர் கட்டிலின் கால்மாட்டில் கிடக்கிறார், கழுத்தும் நோகுதாம். குறட்டை அப்படியே இருக்கிறது. வேறு எது நல்லது?

கடலோரம்:
அக்கா, நித்திரையில் தொண்டைத் தசை தளரும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரிந்து வழியை அடைக்கும். நெஞ்சு மூச்செடுக்கப் பாடுபடுகிறது, காற்றுத்தான் போகவில்லை. 10 செக்கனுக்கு மேல் நின்றாலே கணக்கில் எடுப்பார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் குறைய, மூளை அவரை அரைகுறையாக எழுப்பிவிடும். அது அவருக்குத் தெரியாது, பகல் தூக்கத்துக்கு மட்டும் தெரியும்.

சரிவுத் தலையணையைத் தலைக்கு மட்டும் வைத்தீர்களோ? இடுப்புக்கு மேலே உடம்பு முழுக்க அதில் சாய வேண்டும். தலை மட்டும் உயர்ந்தால் நாடி நெஞ்சில் முட்டி, தொண்டை இன்னும் ஒடுங்கும். இரண்டு மூன்று தலையணை அடுக்குவதும் அதே பிழைதான்.

இரவுப்பூச்சி:
இதே பிரச்சினை எனக்கும். பனியன் முதுகில் பை தைத்து ரென்னிஸ் பந்து போட்டு விட்டாள் மனைவி. மல்லாந்தால் குத்தும், தானாகத் திரும்பிவிடுவேன். முதுகுப்பக்கம் நீளத் தலையணை கொடுத்தாலும் சரிதான். ஆனால் சரிந்து படுத்தால் மூச்சு நிற்காத ஆட்களுக்குத்தான் இது உதவும். எனவே போனில் வீடியோ எடுங்கோ, எந்தப் பக்கம் படுக்கும்போது மூச்சு நிற்கிறது என்று பாருங்கோ. குடியும் நித்திரைக் குளிசையும் இதைக் கூட்டும்.

சந்திக் கண்ணயர்வுக்குப் பிறகு தலையணையோடு நிற்காதீங்கோ. காது மூக்குத் தொண்டை டொக்டரிடமோ, நெஞ்சு டொக்டரிடமோ காட்டுங்கோ. அதுவரை அவர் பஸ்ஸில் போகட்டும்.

மல்லிகை:
வீடியோவில் எண்ணினேன், ஒரு தடவை 23 செக்கன். மல்லாந்து படுத்தபோது அதிகம், சரிந்தும் சிலது. அவருக்குக் காட்டினேன், ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் தானாகவே டொக்டருக்கு நம்பர் எடுத்தார்.

ஒரு இரவு வயர்களோடு படுக்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 26 தடவை மூச்சு தடைப்படுகிறதாம். 15க்கு மேல் 30க்குள் என்றால் நடுத்தரமாம். மூக்கில் மாஸ்க் வைத்துக் காற்றை அழுத்தி அனுப்பும் சீபாப் இயந்திரம் போடச் சொல்லியிருக்கிறார் டொக்டர், சரிந்து படுக்கவும், நிறை குறைக்கவும் சொன்னார். முதல் நாலு இரவும் மாஸ்க்கைக் கழற்றி எறிந்தார். ஐந்தாம் நாள் விடியும்வரை போட்டிருந்தார். வீடு அவ்வளவு அமைதி, எனக்குத்தான் நித்திரை வரவில்லை.

ஸ்பொஞ்ச் தலையணையை மாமி எடுத்துக்கொண்டார். ரிவி பார்க்க முதுகுக்கு நல்லதாம்.