ஒரு சக்கரம் மட்டும் சுற்றினால்: பிக்கப்பில் எல்.எஸ்.டி., மூன்று பேரின் அனுபவங்கள்

8 வருடமாக ஒரே பிக்கப்தான் ஓட்டுகிறேன், பின்சக்கர இழுவை. காலியாக இருக்கும்போது பின்பக்கம் கனமே இருக்காது. ஈரப் புல்லில் ஏறினால் இடது டயர் சேற்றை வாரி இறைக்கும், வலது டயர் சும்மா நிற்கும். இன்ஜின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரென்ஷியல், இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசைதான் தரும். வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்றால், கெட்டித் தரையில் இருப்பதற்கும் அதே 100தான்.

அதனால்தான் கிளட்ச் பிளேட் வகை எல்.எஸ்.டி. போட்டேன். லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல். உராய்வுத் தகடும் இரும்புத் தகடும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் வைத்து அழுத்தியிருக்கும். ஒரு சக்கரம் தனியாகச் சுற்றப் பார்த்தால் அந்த அடுக்கு பிடித்துக்கொள்ளும். முதல் மழையிலேயே வித்தியாசம் தெரிந்தது. ஈரமான வளைவில் மட்டும் நிதானம் தேவை. காலி வண்டியில் இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் பின்பக்கம் வெளியே போய்விடும்.

இரண்டாவது வருடம் சர்வீஸுக்கு விட்டு எடுத்தேன். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பும்போது பின்னாலிருந்து 'கட கட கட' என்று சத்தம், சீட்டுக்கு அடியில் அதிர்வு வேறு. நேரே போனால் ஒன்றுமில்லை. "பிளேட் போச்சு, செட்டையே மாத்தணும்" என்றார் மெக்கானிக். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். 80டபிள்யூ-90, ஜி.எல்.-5. தரம் சரிதான், ஆனால் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் (தகடுகளின் உராய்வைச் சீராக்கும் கலவை) சேர்க்கவில்லை. அது இல்லாவிட்டால் தகடுகள் மென்மையாக நழுவாமல், ஒட்டுவதும் விடுவதுமாகத் துள்ளும். அந்தத் துள்ளல்தான் சத்தம்.

ஆயிலை மறுபடி இறக்கச் சொன்னேன். டிரெயின் நட்டின் காந்தத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். சாம்பல் நிறம், வெண்ணெய் மாதிரி வழவழப்பு, எதுவும் குத்தவில்லை. அது வழக்கமான தேய்மானம். சில்லு சில்லாக இருந்திருந்தால் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். புது ஆயிலோடு, கையேட்டில் சொன்ன அளவு மாடிஃபயர் ஊற்றினோம். ஊற்றியவுடன் சத்தம் போகவில்லை, இதைக் கவனியுங்கள். தகடுகளுக்கு இடையே ஆயில் நுழைய வேண்டுமே! காலி மைதானத்தில் மெதுவாக 8 போட்டுக்கொண்டே இருந்தேன். ஏழாவது, எட்டாவது சுற்றில் சத்தம் தேய்ந்து, பிறகு நின்றேவிட்டது. அதே தகடுகள்தான் இன்றும் ஓடுகின்றன. மாடிஃபயர் அளவை மட்டும் மீறாதீர்கள், பிடிப்பே போய்விடும்.

* * *

என் பிக்கப்பில் இருப்பது ஹெலிகல் கியர் வகை எல்.எஸ்.டி., தகடுகளுக்குப் பதில் சாய்பல் கியர்கள். தேயும் தகடு இல்லை, மாடிஃபயர் வேண்டாம், திருப்பத்தில் சத்தமும் இல்லை. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் இது பெருக்கல் கணக்கு. பெருக்கும் விகிதம் 3 என்றால், வழுக்கும் சக்கரம் 100 நியூட்டன் மீட்டர் தாங்கும்போது மறுபக்கம் 300 வரை போகும். சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். என்னுடையதில் ஸ்பிரிங் அழுத்தமும் கிடையாது.

ஓடைக்கரை ஒன்றில் வலது பின்சக்கரம் ஒரு சாண் எழும்பி நின்றுவிட்டது. அது சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு மூன்று 'கிளிக்' மட்டும் இழுத்து, மெல்ல ஆக்சிலேட்டர் கொடுத்தேன். தொங்கிய சக்கரத்தில் பிரேக் கொடுத்த எதிர்ப்பையே பெருக்கி, தரையில் இருந்த சக்கரத்துக்கு அனுப்பியது. ஏறிவிட்டது! அடிக்கடி சக்கரம் தொங்கும் பாதையில் போகிறவர்கள் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கரைப் பார்ப்பது நல்லது.

* * *

டயரை யாரும் சொல்லவில்லையே. எனக்குப் பாடம் அதில்தான். என்னுடையது கிளட்ச் பிளேட் வகை. பஞ்சரானதும் தேயாத ஸ்டெப்னியை ஒரு பக்கம் மாட்டிவிட்டு, அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினேன். விட்டம் வேறானால் நேர் ரோட்டில்கூட தகடுகள் உரசிக்கொண்டே இருக்கும். பிறகு சேற்றில் பழையபடி ஒரே சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் திருப்பிப் பார்த்தேன். கையேட்டில் போட்டிருந்த குறைந்தபட்ச அளவில் பாதிகூட வரவில்லை. தகடுகளை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது பின் டயர் இரண்டையும் சேர்த்தே மாற்றுகிறேன், காற்றும் ஒரே அளவு.

ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கிய நிலையில் வண்டியை ஸ்டார்ட் செய்து கியர் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. சாதாரண டிஃபரென்ஷியலில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். எல்.எஸ்.டி.யில் தரையில் இருப்பதும் இழுக்கும். வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் பின்சக்கரம் இரண்டும் ஸ்டாண்டில் இருக்க வேண்டும்.