இதயத்தில் வளரும் கட்டிக்கு ஒரு சொல்: திங்கட்கிழமைக்குள் வேண்டும்

செ., கோவை | வியாழன் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஒரு மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இதயத்தில் கட்டி வந்து அறுவை செய்துகொண்டவர்களுக்கு முதலில் என்னென்ன தொந்தரவு இருந்தது, எடுத்த கட்டியைப் பற்றி நோயியல் அறிக்கை என்ன சொன்னது, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு. நோயாளிக்குப் புரிகிற மொழியில் தகவல் தாள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. நெறிமுறைக் குழு திங்கட்கிழமை கூடுகிறது.

மூலத்தில் 'பினைன் கார்டியாக் டியூமர்' (இதயத்தில் வளரும், புற்றுநோய் அல்லாத திசு) என்று இருந்ததை 'இதயத்தில் ஏற்படும் தீங்கற்ற கட்டி' என்று எழுதினேன். வழக்கப்படி இன்னொருவர், மூலத்தைப் பார்க்காமல், என் தமிழை மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 'ஹார்ம்லெஸ் ப்ளட் க்ளாட்', அதாவது தீங்கில்லாத ரத்தக்கட்டி என்று வந்து நிற்கிறது. அவர்மேல் தப்பே இல்லை. இதயத்தில் கட்டி என்றாலே நம் காதில் ரத்தக்கட்டிதான் விழுகிறது.

டியூமருக்கு ஒரு சொல், பினைனுக்கு ஒரு சொல் வேண்டும். மிக்சோமா என்று ஒரு வகையின் பெயர் அடிக்கடி வருகிறது. அதற்கும் கிடைத்தால் நல்லது.

இரா., தஞ்சாவூர் | வெள்ளி அதிகாலை

அம்மா செ. அவர்களுக்கு,

உங்கள் இடர்ப்பாட்டின் வேர் 'கட்டி'யிலேயே இருக்கிறது. கட்டுதல் என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. சீழ் கட்டினால் கட்டி, பாகு இறுகினால் வெல்லக்கட்டி, பால் தோய்ந்தால் கட்டித்தயிர். நீராக இருந்தது இறுகி நின்றால் கட்டி. உறைந்த குருதிக்கு அது மிகப் பொருத்தம். தானாக வளர்கிற திசுவுக்கு அது பொருந்தாது.

கழலை என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே! முன்கழுத்துக் கழலை என்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். தோலுக்கடியில் விரல் வைத்தால் பிடிபடாமல் கழன்று நகர்வதால் கழலை. கழற்சிக்காயையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். உருண்டை வடிவம், கையில் நில்லாமல் உருளும் தன்மை. வீக்கத்துக்கு அதையே அரைத்துப் பூசினார்கள். நோய்க்கும் மருந்துக்கும் ஒரே வேர் என்பது தற்செயலாக இருக்க முடியாது.

மிக்சோமா என்பதில் உள்ள மிக்சா கிரேக்கத்தில் மூக்குச்சளி. விளக்கின் திரி வரும் துளைக்கும் அதே சொல் உண்டு. நாம் கெண்டியின் நீர் விழும் குழலை 'மூக்கு' என்கிறோம். மிக்சா, மூக்கு! இதை எவராவது முறையாக ஆராய வேண்டும்.

இதயம் வடசொல். நெஞ்சாங்குலை நம் சொல். என் பரிந்துரை: நெஞ்சாங்குலைக் கழலை.

மு., மதுரை | வெள்ளி காலை

வணக்கம். நான் நோயியல் துறையில் இருக்கிறேன். சொல்லைத் தேடும் முன் பொருளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. பிரேதப் பரிசோதனைக் கணக்குகளில் பத்தாயிரத்துக்கு இரண்டு என்ற அளவில் சொல்வார்கள். அவற்றில் நான்கில் மூன்று பங்கு புற்று அல்ல. பெரியவர்களிடம் அதிகம் காண்பது மிக்சோமா. பெரும்பாலும் இடது மேலறையில், இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரில், ஒரு காம்பில் தொங்கும். இதயம் துடிக்கத் துடிக்க ஊசலாடும். சில பேருக்கு, மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள ஈரிதழ் வால்வுக்குள் இறங்கி ரத்தத்தை மறிக்கும். உட்கார்ந்தால் ஒரு மாதிரி, படுத்தால் ஒரு மாதிரி மூச்சுத்திணறல் மாறும். முடக்குக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு வருகிற அதே அறிகுறிகள்தான், எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும்.

இப்போது 'தீங்கற்ற' என்ற சொல்லுக்கு வருகிறேன். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். இந்தக் கட்டியிலிருந்து துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வை முழுக்க அடைத்தால் திடீர் மரணம். அதனால்தான் கண்டுபிடித்தவுடன் எடுத்துவிடுகிறோம். தீங்கற்றது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு நெஞ்சைப் பிளந்தால், வீட்டுக்காரர்கள் கேட்க மாட்டார்களா?

அப்புறம், உங்கள் மறுமொழிபெயர்ப்பில் வந்த அதே குழப்பம் எங்கள் துறையிலும் நெடுநாள் இருந்தது. மிக்சோமா உண்மையான கட்டியா, உறைந்த ரத்தம் நாளாவட்டத்தில் திசுவாக மாறியதா என்று சண்டை போட்டார்கள். இன்று அதைக் கட்டி என்றே ஏற்கிறோம். ஆனாலும் காலின் ரத்தக்குழாயிலிருந்து அடைப்பை எடுத்தால் நோயியலுக்கு அனுப்பச் சொல்வது இதற்காகத்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். நுண்ணோக்கியில் வைத்தால், வெளிறிய கொழகொழப்பு நடுவே நட்சத்திரம் போலக் கிளைத்த செல்கள் தெரியும். அங்கேதான் வித்தியாசம்.

மிக்சோமாவுக்கு என்னிடம் ஒரு சொல் இருக்கிறது. முதல்முறை அதைத் தட்டில் வாங்கியபோது எனக்குத் தோன்றியது நுங்கு. பாதி ஊடுருவித் தெரியும், தொட்டால் ஆடும், கத்தி வைத்தால் வழுக்கும், அங்கங்கே ரத்தப் புள்ளி. மாணவர்களுக்கு 'நுங்குக்கட்டி' என்றுதான் சொல்லித்தருகிறேன். ஒருமுறை சொன்னால் மறப்பதில்லை. எங்கள் துறையில் சாப்பாட்டுப் பொருளை உவமை சொல்வது பழைய வழக்கம். ரத்தம் தேங்கிய ஈரலை உலகம் முழுக்க ஜாதிக்காய் ஈரல் என்கிறார்கள்.

பா., திருநெல்வேலி | வெள்ளி மதியம்

இருபது வருடமாக இருதய வார்டில் செவிலியராக இருக்கிறேன். டாக்டரம்மா சொன்ன நுங்குக்கட்டி வகுப்பறைக்கு அருமை. வார்டுக்கு வேண்டாம். 'நுங்கு தின்னதாலயா வந்துச்சு?' என்றுதான் முதல் கேள்வி வரும். அப்புறம் அந்த வீட்டில் பிள்ளைகள் யாருக்கும் நுங்கு கிடைக்காது.

கழலை என்றால் எங்கள் பக்கத்து ஆட்கள் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நெஞ்சாங்குலை என்றால் கறிக்கடை நினைவு வரும். ஐயா மன்னிக்க வேண்டும்.

நாங்கள் சொல்வது 'இருதயத்துக்குள்ள சதை வளந்திருக்கு'. மூக்கில் சதை வளர்ந்தது எல்லோருக்கும் தெரியும், அதை எடுத்துவிட்டால் சரியாகும் என்பதும் தெரியும். பயமும் இல்லை, பொய்யும் இல்லை.

ந., யாழ்ப்பாணம் | வெள்ளி மாலை

அனைவருக்கும் வணக்கம். மேலறை என்று மருத்துவர் எழுதியதைக் கண்டேன். எங்கள் பாடநூல்களில் அது சோணையறை, கீழே இருப்பது இதயவறை. சளி என்று நீங்கள் எழுதும் இடத்தில் நாங்கள் சீதம் என்போம், சீதமென்சவ்வு என்று சிறு வயதிலேயே படித்தோம். மிக்சோமாவுக்குச் சீதக்கட்டி என்று வைத்தால் மூலத்தின் பொருளும் கெடாது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அங்காதிபாதம் (உடற்கூற்றியல்), இரணவைத்தியம் (சத்திரசிகிச்சை), கெமிஸ்தம் (வேதியியல்) என்று நூல்கள் வந்தன. கெமிஸ்தம் என்ற சொல்லைப் பாருங்கள். அயற்சொல்லின் உடலுக்குத் தமிழ் ஈறு பூட்டியிருக்கிறார். அதைப் படித்தவர்கள் நோயாளிகளைப் பார்த்தார்கள், சத்திரசிகிச்சை செய்தார்கள். சொல் தூயதா என்று காத்திருக்கவில்லை.

இரா., தஞ்சாவூர் | வெள்ளி இரவு

யாழ்ப்பாணத்து நண்பர் கெமிஸ்தத்தை எடுத்துக்காட்டியது சரி. ஆனால் அந்தச் சொல் இன்று எங்கே? வேதியியல் அல்லவா நின்றது? வேர் இல்லாத சொல் ஒரு தலைமுறைக்கு மேல் நிற்பதில்லை என்பதற்கு அதுவே சான்று. சீதமும் வடசொல்தான், குளிர்ச்சி என்று பொருள்.

சீதம் வேண்டாம் என்றால் இழுது இருக்கிறது. சங்கப் பாடல்களில் நெய்க்கும் வெண்ணெய்க்கும் வருகிற சொல். இன்று ஜெல்லி மீனை இழுதுமீன் என்கிறோம். இழுதுக்கழலை என்று சொல்லிப் பாருங்கள், மருத்துவர் தட்டில் கண்ட அந்த ஆட்டமும் வழுக்கலும் சொல்லிலேயே இருக்கின்றன.

செவிலியர் அம்மையாருக்கு: மக்களுக்குப் புரியாது என்று நாமே முடிவு செய்து, புரிய வாய்ப்பே தராமல் இருக்கிறோம். 'பேருந்து' முதல் நாளே புரிந்ததா?

அ., சென்னை | சனி காலை

ஐயா, தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை எண்ணும்போது இயற்சொல், திரிசொல், திசைச்சொல்லோடு வடசொல்லையும் சேர்த்துத்தான் நான்கு என்றார். இதயத்தை வெளியே தள்ள வேண்டியதில்லை. மிக்சா, மூக்கு ஒலி ஒற்றுமையை வைத்து உறவு சொல்வதும் ஆபத்து. அப்படிப் பார்த்தால் எந்த மொழிக்கும் எந்த மொழியோடும் உறவு காட்டலாம். பேருந்து புரிந்தது, அது தினமும் தெருவில் வந்ததால். இதயக் கட்டி தெருவில் வராது. ஒருவர் வாழ்நாளில் அந்தச் சொல்லைக் கேட்பது ஒரே ஒரு நாள். அந்த நாளில் அவருக்கு அகராதி கொடுக்க முடியாது.

ஒரு சிறு விலகல். இடது மேலறை மிக்சோமாவை இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் ஸ்டாக்ஹோமில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், 1954இல். அதே ஆண்டில்தான் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. கறையான் புற்றைப் பார்த்து வைத்த அந்தப் 'புற்று' இன்று எல்லா வாயிலும் இருக்கிறது. எனவே பினைனுக்குப் 'புற்றல்லாத கட்டி' என்பதுதான் துல்லியம். தீங்கற்ற என்ற பொய்யும் இல்லை.

செ., கோவை | சனி இரவு

எல்லோருக்கும் நன்றி. அ. சொன்ன 'புற்றல்லாத கட்டி' எனக்கு உடனே பிடித்தது. படிவத்தில் போட்டுவிட்டேன். அனுப்பும் முன் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். எதிரே அத்தை அவரைக்காய் நார் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 'உங்கள் இதயத்தில் இருந்தது புற்று' என்று வாயில் வந்ததுமே அவர்கள் கை நின்றுவிட்டது. 'அல்லாத' என்று நான் முடித்தது காதில் ஏறவே இல்லை. 'யாருக்குப் புத்து?' என்று இரண்டு முறை கேட்டார்கள்.

அப்போதுதான் உறைத்தது. தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும். வரவில்லை, இல்லாத, அல்லாத. ஆங்கிலத்தில் 'நான்-கேன்சரஸ்' என்கிறார்கள்; 'அல்லாத' என்று பொருள்படும் 'நான்' முன்னாலேயே மறுத்துவிடுகிறது, அப்புறம்தான் கேன்சர் வருகிறது. நம் மொழியில் முதலில் புற்றைக் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்ப வாங்குகிறோம். பதறியிருப்பவர் அந்தக் கடைசி அசை வரை காத்திருக்க மாட்டார். படிவத்தைப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யாரோ உரக்கப் படித்துத்தான் காட்டுகிறார்கள். இலக்கணம் சரி, கேட்பவர் நிலைமை வேறு.

அதனால் ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டு வரிசையை மாற்றினேன். எடுத்தாயிற்று என்பதை முதலில் சொல்கிறேன்:

'உங்கள் இதயத்தின் உள்ளே வளர்ந்திருந்த சதைக்கட்டி அறுவை மூலம் எடுக்கப்பட்டது. இது சதை வளர்ச்சி. ரத்தம் உறைந்து வந்த கட்டி அல்ல. மிக்சோமா என்பது இதன் பெயர். இந்த வகை கேன்சரில் சேராது. ஆனாலும் உள்ளேயே விட்டிருந்தால் ரத்த ஓட்டத்தை அடைத்திருக்கலாம், துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போயிருக்கலாம்.'

சீழ்க்கட்டி, ரத்தக்கட்டி என்ற வரிசையில் சதைக்கட்டி இயல்பாக நிற்கிறது என்று நினைக்கிறேன். நாளை மதியத்துக்குள் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மு., மதுரை | ஞாயிறு காலை

வரிசை மிக நன்று. சொல்லில் ஒரு மறுப்பு. சதை என்றால் தசையும்தான். குழந்தைகளின் இதயத்தில் ராப்டோமயோமா என்று ஒன்று வரும், அதுதான் உண்மையிலேயே தசைக்கட்டி. அது பல பேருக்குத் தானாகவே சுருங்கிவிடும், எடுக்க வேண்டியதே இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல் பழகிவிட்டால் நாளைக்கு ஒரு தாய் குழம்புவாள். இந்தப் படிவம் பெரியவர்களுக்கு மட்டும் என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். கலைச்சொல் பட்டியலில் சேர்க்க ஒப்ப மாட்டேன்.

பா., திருநெல்வேலி | ஞாயிறு காலை

எனக்குச் சம்மதம். 'அறுவை' என்ற இடத்தில் 'ஆபரேஷன்' போடுங்க, அக்கா.

ந., யாழ்ப்பாணம் | ஞாயிறு மதியம்

எங்கள் பக்கத்துக்குச் சத்திரசிகிச்சை என்று மாற்றிக்கொள்வேன். மற்றபடி உடன்பாடு. சீதக்கட்டியை மாணவர் கையேட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.

இரா., தஞ்சாவூர் | ஞாயிறு மாலை

படிவம் குறித்த நாளில் போகட்டும், தடுக்க மாட்டேன். அம்மையார் அத்தையின் கையைப் பார்த்து எழுதியது எனக்கும் ஏற்புடையதே. ஆனால் ஐந்து வரியில் விளக்கினோமே தவிர ஒரு சொல்லை உருவாக்கவில்லை. மருத்துவர் நாளைக்குத் தமிழில் ஒரு கட்டுரை எழுதினால் ஒவ்வொரு முறையும் ஐந்து வரி எழுதுவாரா? கழலை என்பதில் நான் மாறவில்லை. குழுவின் பதிவில் என் மறுப்பும் இருக்கட்டும்.

செ., கோவை | ஞாயிறு இரவு

பதிவில் இருக்கிறது, ஐயா. புதிய வடிவத்தின் மறுமொழிபெயர்ப்பு சற்றுமுன் வந்தது. 'ஃப்ளெஷி க்ரோத், நாட் எ க்ளாட்', அதாவது சதை வளர்ச்சி, ரத்தக்கட்டி அல்ல என்று திரும்பியிருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

இன்னொரு படிவம் மிச்சம் இருக்கிறது. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய கட்டி இதயம் வரை வந்துவிட்டவர்களுக்கானது. இதயத்தில் தானாகத் தோன்றுவதைவிட இப்படி வருவதுதான் பல மடங்கு அதிகம் என்று மு. தனி மடலில் எழுதினார். அதில் புற்று என்ற சொல்லைத் தவிர்க்க வழி இல்லை. புதன்கிழமைக்குள் வேண்டும்.