மறு: வெங்காயத்தாமரை அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா?

அன்புள்ள உறவுகளுக்கு வணக்கம்.

கழிவுநீர் கலந்த குளத்தில் வெங்காயத்தாமரையை விட்டால் தண்ணீர் தெளியுமா என்று அண்ணன் கேட்டிருந்தார். தெளியும் என்று சிலர், கிட்டவே கொண்டுவராதீர்கள் என்று சிலர். இரண்டு பக்கமும் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயர். பலரும் இதை ஆகாயத்தாமரை என்கிறார்கள். அது முட்டைக்கோஸ் மாதிரி இலை விரித்து மிதக்கும் வேறொரு செடி. நாம் பேசுவது, இலைக்காம்பு வெங்காயம் போல உப்பி ஊதாப் பூ பூப்பதை. அமேசான் படுகையிலிருந்து அழகுக்காகக் கொண்டுபோய் உலகமெல்லாம் பரப்பிய செடி இது.

ஒன்றைத் தூக்கிப் பாருங்கள். அடியில் கருஊதா நிறத்தில், இறகு இறகாக வேர் தொங்கும். அதை ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால் சேறு புகை மாதிரிக் கிளம்பும். வேலை முழுக்க நடப்பது அந்த வேரில்தான். தண்ணீரில் மிதக்கும் அழுக்கு அதில் சிக்கிக்கொள்கிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கின்றன. நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடி உறிஞ்சி வளர்கிறது. ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களையும் இழுக்கும்; அவை பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். இலை வெயிலை மறைப்பதால் பாசியும் அடங்கும். 1970களில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் நாசா ஆய்வாளர் பில் வுல்வர்ட்டன் இந்தச் செடியைக் கொண்டே கழிவுநீர்க் குட்டைகளைச் சுத்திகரித்துக் காட்டினார்.

சரி, பிறகு என்ன தயக்கம்? செடி உறிஞ்சிய அழுக்கு எங்கேயும் போய்விடவில்லை, செடிக்குள்தான் இருக்கிறது. அதை அள்ளி வெளியே போட்டால்தான் அழுக்கு குளத்தை விட்டுப் போகும். அள்ளாமல் விட்டால் அழுகி அடியில் இறங்கி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். மீன்கள் செத்து மிதக்கும். மேலே பாய் விரித்த மாதிரி மூடிக்கொண்டால் கொசுவுக்குக் கொண்டாட்டம்.

வெயிலும் சத்தும் இருந்தால் இரண்டு வாரத்தில் இருமடங்காகும். 100 செடி விட்டால் எட்டு வாரத்தில் 1,600, பதினாறு வாரத்தில் 25,600. எடையில் 95 சதவீதம் வரை தண்ணீர் என்பதால், 100 கிலோ அள்ளிக் காயவைத்தால் ஐந்தாறு கிலோதான் மிஞ்சும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அந்தச் சுமையை இழுப்பவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

கட்டு மீறினால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி சாட்சி. 1990களில் அங்கே படகுத்துறைகளே அடைபட்டுப் போயின. இந்தச் செடியை மட்டும் தின்னும் கூன்வண்டுகளை விட்ட பிறகே பெருமளவு குறைந்தது. வங்காளத்தில் இதை ஒழிக்க 1936இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் தடைப் பட்டியலில் சேர்த்தது. விதை சேற்றில் பல ஆண்டுகள் கிடந்து மறுபடி முளைக்கும் என்பதால், ஒருமுறை விட்டபின் திரும்பப் பெறவே முடியாது.

அதனால் குளத்தில் நேராக விடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கழிவுநீர் குளத்தில் வந்து சேரும் முன்னால், நாலு பக்கமும் கரை கட்டிய ஒரு தொட்டியில் மட்டும் வளர்க்கலாம். வெளியேறும் வாயில் நெருக்கமான வலை வேண்டும். வீட்டுக் கழிவுநீர் மட்டும் வந்தால் அள்ளிய செடியை மக்கவைத்து உரமாக்கலாம், சாண எரிவாயுக் கலனிலும் போடலாம். சாயப்பட்டறை, தோல் ஆலைக் கழிவு கலந்திருந்தால் அந்தச் செடி உரத்துக்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. எப்படித் தெளிந்தாலும் அது குடிக்கிற தண்ணீர் இல்லை, நோய்க்கிருமி அதில் இருக்கும்.

அடிக்கடி அள்ள ஆள் இல்லையென்றால் கல்வாழை, நாணல், சம்பு மூன்றும் மேல். சரளைக்கல் படுகையில் வேரூன்றி நிற்கும், மிதந்து ஓடாது.

பணம் ஒருமுறை திரட்டிவிடலாம். ஆனால் மாதம் இரண்டு தடவை தண்ணீரில் இறங்கப்போவது யார், அள்ளியதைக் கொட்டும் இடம் எது, அவர்களுக்குக் கூலி எத்தனை வருடத்துக்கு? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை ஒரு செடியைக்கூட இறக்க வேண்டாம் என்று அண்ணனை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி