'வேர்ல்ட்' என்ற சொல்லுக்கு ரைம் கிடைக்கவில்லை, கிட்டத்தட்ட ஒத்துப்போவதாவது உண்டா?

மெட்டுக்காரன்:
ஒரு மெட்டுக்கு ஆங்கிலத்தில் வரிகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்லவியின் இரண்டாவது வரி 'வேர்ல்ட்' என்று முடிகிறது, மெட்டும் அந்த இடத்தில்தான் நீண்டு நிற்கிறது, அதனால் அந்தச் சொல்லை எடுக்க மனம் வரவில்லை. நான்காவது வரிக்கு ரைம் தேடினால் கர்ல்ட், ஹர்ல்ட், ஸ்வர்ல்ட், ட்வர்ல்ட், அன்ஃபர்ல்ட் என்று இவ்வளவுதான் வருகிறது. எதைப் போட்டாலும் ஒன்று கொடி விரிகிறது, இல்லையென்றால் புகை சுருள்கிறது. பாட்டோ பிரிந்துபோன இரண்டு நண்பர்களைப் பற்றியது. 'கேர்ள்' போடலாமா? 'கோல்ட்', 'டோல்ட்' செல்லுமா? ரைம் தேடும் தளங்களில் 'நியர் ரைம்', அதாவது கிட்டத்தட்ட ஒத்துப்போகும் சொற்கள், என்று நீளமாக ஒரு பட்டியல் தருகிறார்கள், அதில் பாதி என் காதுக்கு ஒட்டவே இல்லை. எது ஒட்டும், எது ஒட்டாது என்று நீங்கள் எப்படி முடிவு செய்கிறீர்கள்?

ஒலிக்குறி:
முதலில் ஸ்பெல்லிங்கை மறந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் முழு ரைம் என்றால், கடைசியாக அழுத்தம் விழும் உயிரொலியிலிருந்து சொல் முடியும் வரை எல்லா ஒலியும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த உயிருக்கு முன்னால் வரும் மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். 'வேர்ட்' (சொல்), 'சோர்ட்' (வாள்) இரண்டும் எழுத்தில் ஒரே மாதிரி முடிந்தாலும் உயிர் வேறு, அதனால் ரைம் இல்லை. 'லிமிட்' என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது, அதனால் 'பிட்' அதற்கு முழு ரைம் ஆகாது. 'வேர்ல்ட்' என்பதற்கு 'அண்டர்வேர்ல்ட்' போட்டாலும் அது அதே சொல் திரும்பி வருவதுதான். சுழன்றது என்ற பொருளில் வரும் 'வேர்ல்ட்' இருக்கிறதே, அதுவும் பெரும்பாலோர் உச்சரிப்பில் இதே ஒலிதான்.

நீங்கள் பார்த்த பட்டியல் ஏன் அப்படி இருக்கிறது என்றால், அந்த 'ர்-ல்-ட்' கூட்டு வேறு பெயர்ச்சொற்களில் கிடைப்பது அரிது. கர்ல், ஹர்ல், ட்வர்ல் போன்ற வினைகளோடு இறந்தகால 'ட்' சேரும்போதுதான் அது உருவாகிறது. அதனால் முழு ரைம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் உங்கள் நான்காவது வரி ஏதோ ஒன்று சுருண்டது, சுழன்றது, வீசப்பட்டது என்றுதான் முடியும். எத்தனை தளங்களில் தேடினாலும் இது மாறாது.

சந்தேகம் வந்தால் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதியைப் பாருங்கள், இலவசம்தான். 1,30,000க்கும் மேற்பட்ட சொற்களை ஒலி ஒலியாகப் பிரித்து, உயிரொலிக்குப் பக்கத்தில் அழுத்தத்தை 0, 1, 2 என்று குறித்திருப்பார்கள். 1 போட்ட இடத்திலிருந்து, அதாவது முதன்மை அழுத்தம் விழும் உயிரிலிருந்து, ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். அது வட அமெரிக்க உச்சரிப்பு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

கீழ்வரி:
மேலே சொன்னது முழு ரைமுக்குச் சரி, ஆனால் கேட்டவர் பாட்டு எழுதுகிறார், பாட்டில் கணக்கு வேறு. நீட்டிப் பாடும் இடத்தில் காதில் நிற்பது உயிரொலிதான், கடைசி மெய்கள் கண நேரத்தில் கடந்துபோகும். அதனால் நியர் ரைமில் உயிர் ஒத்துப்போவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

உங்கள் சொல்லுக்கே பார்க்கலாம். 'கேர்ள்', 'பேர்ல்' இரண்டிலும் உயிரும் 'ல்' ஒலியும் அப்படியே இருக்கின்றன, கடைசி 'ட்' மட்டும்தான் குறைகிறது, பாடும்போது அது தெரியவே தெரியாது. பன்மையாக 'வேர்ல்ட்ஸ்' என்று வைத்தால் இன்னும் நெருக்கம், ஏனென்றால் வேகமாகச் சொல்லும்போது நடுவில் உள்ள 'ட்' கரைந்து 'கேர்ள்ஸ்' என்பதோடு கிட்டத்தட்ட முழு ரைமாகவே விழும். அடுத்து 'வேர்ட்', 'ஹேர்ட்' (கேட்டது), 'தேர்ட்', 'பேர்ட்': உயிரும் கடைசி மெய்யும் இருக்கின்றன, 'ல்' இல்லை. பிரிந்த நண்பர்களுக்கு 'வேர்ட்', 'ஹேர்ட்' இரண்டுமே பொருளோடு வருகின்றன, நான் அங்கேதான் முதலில் தேடுவேன். 'ஹர்ட்' (காயம்), 'எர்த்', 'லேர்ன்', 'ஃபர்ஸ்ட்' எல்லாம் உயிர் மட்டும் ஒத்தவை. வரிகள் அடுத்தடுத்து வந்தால் தாங்கும், நடுவே ஒரு வரி இடைவெளி விழுந்தால் காது மறந்துவிடும். உங்களுக்கு இரண்டாவது வரியும் நான்காவது வரியும் என்பதால் இவை கொஞ்சம் ஆபத்து.

'கோல்ட்', 'டோல்ட்' வேண்டாம். முடிவு ஒத்திருக்கிறது, உயிர் முற்றிலும் வேறு. வாசிக்கிற கவிதையில் அது அழகாக இருக்கலாம், நீட்டிப் பாடும்போது 'ஓ' என்று வாய் குவிந்தவுடன் ரைம் போய்விடும். தளங்களின் பட்டியல் உங்கள் காதுக்கு ஒட்டாததற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன், மெய் ஒத்தது, உயிர் ஒத்தது எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும்.

நமக்கு இது புதிதும் இல்லை. எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்றினால் மட்டும் போதாது, முதல் எழுத்து குறிலுக்குக் குறிலாகவும் நெடிலுக்கு நெடிலாகவும் இருக்க வேண்டும் என்கிறோம் இல்லையா, அந்தக் காதையே வரியின் கடைசிக்குத் திருப்புங்கள். 'ஃபுல்', 'ஃபூல்' ரைம் ஆகாது என்று உடனே பிடிபடும்.

நான்காம்அடி:
எல்லோரும் சொல்லைத் தேடுகிறீர்கள், வரிசையை யாரும் தொடவில்லை. கடினமான சொல்லை முன்னால் வையுங்கள், 'வேர்ல்ட்' பின்னால் வரட்டும். இரண்டாவது வரி 'ஹர்ல்ட்' என்று முடியும்போது கேட்பவர் இன்னும் எந்த ரைமையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் அந்தச் சொல் வலிந்து வந்ததாகத் தோன்றாது. நான்காவது வரியில் 'வேர்ல்ட்' தானாக வந்து உட்காரும். தலைகீழாகச் செய்தால் 'வேர்ல்ட்' கேட்டவுடனே காது காத்திருக்க ஆரம்பிக்கும், பிறகு வரும் 'அன்ஃபர்ல்ட்' ரைமுக்காகவே வந்தது என்று பச்சையாகத் தெரிந்துவிடும்.

இன்னொரு வழி, அந்தச் சொல்லை வரிக்குள் வைத்துக்கொண்டு முடிவை மட்டும் மாற்றுவது. பிரிவு பற்றிய பாட்டு என்கிறீர்கள், 'வேர்ல்ட்ஸ் அபார்ட்' என்று முடித்துப் பாருங்களேன். ஹார்ட், ஸ்டார்ட், ஆர்ட், சார்ட் என்று வாசல் திறந்துவிடும், நீட்டிப் பாடவும் 'ஆ' வசதியான உயிர். 'பார்ட்', 'டிபார்ட்' மட்டும் வேண்டாம், முன்னால் உள்ள 'ப்' ஒலியும் ஒன்றாகிவிடுகிறது.

மெட்டுக்காரன்:
'வேர்ல்ட்ஸ் அபார்ட்' வைத்துப் பாடிப் பார்த்தேன், மெட்டில் நீளும் இடம் சரியாக 'பார்ட்' மேல் விழுகிறது, 'ஸ்டார்ட்' எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது சரணத்தில் 'வேர்ட்' என்பதற்கு 'ஹேர்ட்' வைத்து, 'வேர்ல்ட்' நான்காவது வரியின் நடுவில் வருகிற மாதிரி எழுதலாம் என்று இருக்கிறேன். ஒரு சந்தேகம்: பாடப்போகிறவர் பிரிட்டிஷ் உச்சரிப்பில் பாடுவார், 'ர்' ஒலியை விட்டுவிடுவார், அப்போதும் இவை நிற்குமா?

ஒலிக்குறி:
நிற்கும். இரண்டு சொற்களிலும் 'ர்' சேர்ந்தே போகிறது, மீதி உயிர் ஒன்றாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது எதிர்ப்பக்கம்: அவர் வாயில் 'சாஸ்', 'ஃபோர்ஸ்' இரண்டும் முழு ரைம், அமெரிக்கர் பாடினால் இல்லை. வேறு யாராவது பின்னால் பாடும் வாய்ப்பு இருந்தால் அப்படிப்பட்ட ஜோடிகளைத் தவிர்த்துவிடுங்கள்.