தண்ணீருக்கடியில் சின்ன கேமரா: எல்லைப்பக்கத்து அனுபவங்கள்

நீரோடிக்காரன்:

கேரளத்தில் பொழியூர் தொடங்கி வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களின் கடலில், மீன் வந்து தங்கட்டும் என்று கான்கிரீட் செயற்கைப் பார்கள் இறக்கினார்கள். பொழியூர் எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் நீரோடிக்குப் பக்கத்து ஊர். மீன் கூடியிருக்கிறது என்று ஒருத்தர் சொல்வார், ஒன்றுமில்லை, வலைதான் கிழிகிறது என்று அடுத்தவர் சொல்வார். டீக்கடையில் தினமும் இதே சண்டை. சரி, ஒரு கேமராவை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று தொடங்கியதுதான் இது.

கையில் இருந்தது ஒரு பழைய மோபியஸ். 2013 வாக்கில் ரேடியோ விமானம் விடுகிறவர்கள் தேடித் தேடி வாங்கிய கேமரா, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குப் பொருந்தும் தண்ணீர் புகாத பெட்டி எனக்குக் கிடைக்கவில்லை. அதனால் பிவிசி பைப்.

இந்த வேலைக்கு இறங்குகிற எல்லாரும் முதலில் நாலு அங்குல பைப்பைத்தான் கையில் எடுப்பார்கள், உள்ளே இடம் தாராளமாக இருக்கும் என்று. வேண்டாம். பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ வீதம் அழுத்தம் ஏறும். நாலு அங்குல முகப்புக் கண்ணாடி மீது 30 மீட்டரில் 235 கிலோ வரை உட்காரும். இரண்டு அங்குலமாக இருந்தால் அறுபது கிலோதான். பெட்டி பெரிதானால் மிதப்பும் கூடும். ஒரு லிட்டர் பெட்டியை முக்க ஒரு கிலோவுக்கு மேல் எடை வேண்டும், அதற்கு வேறு ஈயம் கட்டித் தூக்க வேண்டும்.

முகப்புக்கு அக்ரிலிக் வட்டு. அதை வெளிப்பக்கமிருந்து விளிம்பில் உட்காரவைத்து, நடுவில் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையம் கொடுத்து ஸ்குரூ போடுங்கள். ஆழம் போகப் போகத் தண்ணீரே அதை அழுத்தி மூடும். பிவிசி சொல்யூஷன் அக்ரிலிக்கைச் சரியாகப் பிடிக்காது. சிலிக்கான் சீலன்ட் பூசினால், அந்த வினிகர் வாடை முழுக்கப் போகிறவரை கேமராவை உள்ளே வைக்காதீர்கள். வாடையாக வருவது அமிலம், கேமராவின் சர்க்யூட் போர்டை அரிக்கும்.

முதலில் வெறும் பெட்டிதான் இறங்க வேண்டும். உள்ளே டிஷ்யூ பேப்பர், வெளியே ஈயக்குண்டு, வலை மிதவையோடு ஓர் இரவு பாரில் கிடக்கட்டும். காலையில் டிஷ்யூ மொறமொறப்பாக இருந்தால் அடுத்ததாகக் கேமரா.

தண்ணீர் புகாமல் வைப்பது இவ்வளவுதான். எனக்குப் பெரிய தலைவலி கொடுத்தது உள்ளே அடைத்துக்கொண்டு போகிற காற்று. கடற்கரையில் நின்று மூடினால் அந்த ஈரக்காற்றும் கூடவே போகும். கேமரா சூடாகும், முகப்பு கடல்நீரில் குளிரும், கொஞ்ச நேரத்தில் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகப் பனி பிடிக்கும். மேலே எடுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரமும் வெறும் வெள்ளை. இப்போது நண்பனின் காரில் ஏசியை ஓடவிட்டு, அதற்குள் உட்கார்ந்துதான் பெட்டியை மூடுகிறேன். ஏசி காற்று வறண்டது. சும்மா கார் ஓடுகிறதே என்று அவன் முறைப்பான், வேறு வழியில்லை. கூடவே சிலிக்கா ஜெல். செருப்புப் பெட்டியில் வருகிற பாக்கெட்டை அப்படியே போட்டுப் பயனில்லை, அது ஏற்கெனவே ஈரம் குடித்து முடித்தது. வெள்ளை மணிகளைப் பிரித்துக் கொட்டி, சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் சிறு தீயில் வறுத்து, ஆறியதும் துணிப்பொட்டலமாகக் கட்டி வையுங்கள்.

மீன் இருந்ததா என்று கேட்பீர்கள். கான்கிரீட் மூலைகளில் கூட்டமாகவே நிற்கிறது. மேலேயிருந்து நேராக இறக்கியபோது ஒன்றையும் காணோம். பக்கவாட்டில் பார்க்கும்படி பெட்டியைச் சாய்த்துக் கட்டிய பிறகுதான் தெரிந்தது. டீக்கடைச் சண்டை தீரவில்லை என்பது வேறு கதை.

குப்பம் போர்வெல்:

அண்ணா, நாங்கள் கடலைப் பார்த்ததே அபூர்வம். ஆந்திர எல்லையில் வேப்பனப்பள்ளி, குப்பம், வி.கோட்டா பக்கம் போர்வெல்லில் கேமரா விடுவது என் தொழில். இங்கே ஆயிரம் அடி தாண்டிய போர்கள் நிறைய. மோட்டார் சிக்கிக்கொண்டதா, கேசிங் உடைந்ததா, ஊற்று எத்தனை அடியில் என்று பார்க்கக் கூப்பிடுவார்கள். தமிழில் கேட்டால் தமிழில், தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில். கேமராவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

கண்ணாடி சின்னதாக இருக்கட்டும் என்று சொன்னது நூற்றுக்கு நூறு சரி. என் குழாயில் முகப்பு ஓர் அங்குலம்தான். நூறு மீட்டர் தண்ணீருக்குக் கீழேயும் அதன்மேல் ஐம்பது கிலோதான் வரும்.

கயிற்றில் கட்டி இறக்குகிறவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை எங்களுக்கு உண்டு. கேபிள். பெட்டி, ஓ ரிங், கண்ணாடி எல்லாம் கச்சிதமாக இருக்கும், உள்ளே மட்டும் தண்ணீர். எப்படி என்று மண்டை காயும். மேலே எங்கோ பாறை முனையில் உரசிக் கேபிளின் மேல்தோல் கீறியிருக்கும். தண்ணீர் அந்தக் கீறலில் நுழைந்து, தோலுக்கும் உள்வயர்களுக்கும் நடுவில் இழை வழியாகவே இறங்கி நேராகக் கேமராவுக்கு வந்து சேரும். வெளியே எத்தனை சுற்று டேப் ஒட்டினாலும் இதற்கு மருந்தாகாது. கேபிள் நுழைகிற இடத்தில் மேல்தோலை இரண்டு அங்குலம் உரித்து, உள்வயர்களைத் தனித்தனியாகப் பிரித்து விரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிப் பிடிக்கிற மாதிரி அரால்டைட் பசை ஊற்ற வேண்டும். வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தால் நடுவில் சந்து நின்றுவிடும். மறுநாள் வரை தொடக்கூடாது.

எல்ஈடி பற்றியும் ஒரு வார்த்தை. தண்ணீருக்குள் அது சூடாகாது, சுற்றியுள்ள நீரே ஆற்றிவிடும். மேலே வைத்து வாடிக்கையாளருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தால் கருகிவிடும்.

பழவேற்காடு ஏரிக்கரை:

நீரோடி அண்ணாச்சிக்கு மீனாவது தெரிந்தது. எங்கள் ஏரியில் கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியாது. ஆழம் பல இடத்தில் இடுப்பளவுகூட இல்லை, எல்லாம் சேறும் வண்டலும். சூளூர்ப்பேட்டை, தடா பக்கம் போனாலும் அதே தண்ணீர்தான். இருளர் பெண்கள் கையாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். அந்தக் கை கீழே என்ன செய்கிறது என்று காட்ட ஆசைப்பட்டேன்.

வெளிச்சம் போட்டால் தெரியும் என்று கேமரா பக்கத்திலேயே டார்ச் கட்டினால் இன்னும் மோசம். மார்கழிப் பனியில் லாரிக்காரர் ஹெட்லைட்டைத் தூக்கிப் போட்டது மாதிரி எதிரே ஒரே வெள்ளைச் சுவர். வெளிச்சத்தைக் கேமராவிலிருந்து ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டிலிருந்து அடிக்க வேண்டும். அதிலும் பாதிதான் சரியாகும்.

முழுசாகச் சரிசெய்தது வேறொன்று. கலங்கல் நீர் லென்சுக்கும் இறாலுக்கும் நடுவில் இருப்பதுதானே பிரச்சினை? அந்த இடத்தில் தெளிந்த நீரை வைத்துவிட்டேன். அக்ரிலிக் தகட்டில் ஒரு சாண் நீளப் பெட்டி செய்து, நல்ல தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கேமரா முகப்பில் பொருத்தி, மறுமுனையைச் சேற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். கடைசி இரண்டு அங்குலம் மட்டும்தான் ஏரித் தண்ணீர். விரல்கள் சேற்றை அளைவதும், இறால் துள்ளும் முன்னே கட்டைவிரல் மடங்குவதும் தெளிவாக விழுந்தது. கடலடியில் வேலை செய்கிற தொழில்முறை ஆட்கள் வெகுகாலமாகச் செய்வதுதான் இது. உள்ளே முழுக்கத் தண்ணீர் இருப்பதால் இந்தப் பெட்டியை அழுத்தம் நசுக்காது, மெல்லிய தகடு போதும். ஒட்டுவதற்கு அக்ரிலிக் கடைக்காரர்கள் குளோரோஃபார்ம் வைத்திருப்பார்கள், அவர்களிடமே செய்யச் சொல்லுங்கள், வீட்டில் முகர்ந்துகொண்டு உட்காராதீர்கள்.

ஒரு சந்தேகம். என் தெளிநீர்ப் பெட்டியில் வெயில் ஏறினதும் உள்சுவரில் பொடிப்பொடியாகக் குமிழ் ஒட்டுகிறது. யாருக்காவது தெரியுமா?

சின்னத்துறை சிப்பிக்காரன்:

நான் சிப்பி எடுக்க முங்குகிறவன். எனக்கு இந்தப் பைப் வேலையெல்லாம் சரிப்படாது, பழைய கோப்ரோ கேமரா ஒன்றைப் பெட்டியோடு வாங்கித் தலையில் கட்டிக்கொள்கிறேன். கோப்ரோவில் 2016இல் வந்த ஹீரோ 5 மாடல் பெட்டி இல்லாமலே பத்து மீட்டர் தாங்கும் என்பார்கள். பாறையில் இடிபடுகிறவனுக்குப் பெட்டி வேண்டும்.

நிறம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நீர் சிவப்பை முதலில் தின்றுவிடும். ஐந்து மீட்டருக்குக் கீழே சிங்கி இறால்கூடச் சாம்பலாகத்தான் விழும். முகப்பில் சிவப்பு ஃபில்டர் போடலாம், ஆனால் அது வெளிச்சத்தையும் குறைக்கும். ஆனி, ஆடியில் எங்கள் கடல் கலங்கிக் கிடக்கும்போது வேண்டவே வேண்டாம். தை, மாசியில் போடுங்கள்.

அப்புறம், போனில் பார்த்துக்கொண்டே எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வைஃபை தண்ணீரில் ஓர் அடி தாண்டாது. படகிலேயே ரெக்கார்டிங் போட்டுவிட்டு இறக்குங்கள். கரைக்கு வந்ததும் பெட்டியைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டன்களை அமுக்கி அமுக்கி விடுங்கள். உப்பு காய்ந்து ஸ்பிரிங்கில் கட்டிவிட்டால், அடுத்த முறை ஆழத்தில் அமுங்கிய பட்டன் எழும்பாது.

நீரோடிக்காரன்:

பழவேற்காடு தம்பி, தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றுதான் சூட்டில் குமிழாகப் பிரிந்து வருகிறது. கொதிக்கவைத்து, மூடியபடியே ஆறவிட்ட தண்ணீரைத் தளும்பாமல் மெதுவாக ஊற்றுங்கள். வாய்வரை நிரப்பி, பெட்டியைச் சாய்த்துத் தட்டி, கடைசிக் குமிழும் வெளியே வந்த பிறகு மூடுங்கள். இறக்கும்வரை ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். குப்பம் தம்பி சொன்ன கேபிள் வைத்தியத்தை நான் இந்த வாரமே செய்யப்போகிறேன், படகில் உட்கார்ந்து நேரடியாகப் பார்க்க ஆசை வந்துவிட்டது.