பால் கவரைக் கழுவிக் காயவைக்கிறோம், மற்றதை?

சென்னை கொடுங்கையூரிலிருந்து:
என் மாமியார் பால் கவரைக் கழுவி, ஜன்னல் கம்பியில் கிளிப் மாட்டிக் காயவைப்பார். பேப்பர், இரும்பு, பாட்டில் எல்லாம் தனித்தனிச் சாக்கு. மாதம் ஒருமுறை காயலாங்கடைக்குப் போய்விடும். அதே வீட்டில் மிஞ்சின சாம்பார், முட்டை ஓடு, குழந்தையின் டயப்பர் மூன்றும் ஒரே கவரில் முடிச்சுப் போட்டு வெளியே போகும். எங்கள் தெருவே இப்படித்தான். நமக்குப் பிரிக்கத் தெரியாமல் இல்லை. காசு வராத குப்பைக்குக் கை வருவதில்லை, அவ்வளவுதான்.

இதையும் பிரித்துக் கொடுக்கலாமே என்று கீழ்வீட்டு அண்ணனிடம் சொன்னேன். "நாம பிரிச்சுக் குடுத்து இன்னா ஆவப்போது? லாரில ஒண்ணாத்தான கொட்டுறாங்கோ" என்றார். பொய்யில்லை, நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதனால் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வரும் அக்காவிடமே கேட்டேன். வண்டியில் தொங்கிய சாக்கைத் திறந்து காட்டினார். மேலாக ஒரு அட்டைப் பெட்டி, பாதி மஞ்சளாக ஊறிக் கிடந்தது. "சாம்பார் பட்ட அட்டைய கடைல எடுக்க மாட்டாங்க தங்கச்சி. தனியாக் குடுத்தா எடைக்குப் போவும். இல்லேன்னா மேட்டுக்குத்தான்."

அந்தக் குப்பைமேடு எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். சுமார் 350 ஏக்கர். கோடையில் தீப்பிடித்தால் துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை. பல வருஷக் குப்பையை இப்போது 640 கோடி ரூபாய்த் திட்டத்தில் தோண்டி, சலித்து, பிரிக்கிறார்கள். அடுப்படியில் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை!

பெரம்பூரிலிருந்து:
டயப்பர் என்றதும் சொல்லத் தோன்றியது. நாப்கினையும் டயப்பரையும் தனியாகச் சுற்றித்தான் தர வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. எங்கள் வீட்டில் குப்பையை எடுத்துப் போவது என் மகன். பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் புள்ளி வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். "ஆம்பளப் புள்ளகிட்ட இதெல்லாமா பேசுவே?" என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கையுறைகூட இல்லாமல் அதைப் பிரித்துப் பார்க்கிறவரும் ஒரு அம்மாதானே என்றேன். இப்போது புள்ளி வைப்பது அம்மாதான்.

வியாசர்பாடியிலிருந்து:
எங்கள் சந்துக்குள் வண்டி வராது. பிரித்துக்கொண்டு போனாலும் முனையில் இருப்பது ஒரே தொட்டி. இன்னொன்று கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாயிற்று. அதுவரை ஈரமில்லாததைச் சாக்கில் கட்டி வைத்து, ஞாயிற்றுக்கிழமை நானே காயலாங்கடைக்குத் தூக்கிப்போகிறேன். பக்கத்து வீட்டு ஆயாவும் இப்போது தன் சாக்கைக் கொடுத்தனுப்புகிறார்.